எம்.சி. ரோட்டில் ஒரு சொட்டு

ரெஜினா வாங்கி அனுப்பிய விரிப்பில்
ரோஜாக்கள் ஒவ்வொன்றும் தட்டு அகலம்.
கை வைத்தால் வழுக்கும். சுருக்கம் விழாது.
உதறிப் போட்டால் அரை மணியில் காய்ந்துவிடும்.
"பட்டு மாதிரி இல்லம்மா?" என்றாள் போனில்.
பட்டு மாதிரிதான்.
மாதிரி.

இரவு இரண்டு மணிக்கு
என் உடம்புக்குள் யாரோ அடுப்பு மூட்டுகிறார்கள்.
கழுத்தில் தொடங்கி, மார்புக்கு நடுவே இறங்கி
முதுகுக்கு அடியில் தேங்குகிறது.
ரோஜாக்கள் ஒரு துளியும் குடிப்பதில்லை.
ஐஸ் உருகிய தட்டில் வவ்வால் மீன் போல
நான் அவற்றின் மேல் கிடக்கிறேன்.
பக்கத்தில் சூசைராஜ்
போர்வையைக் காதுவரை இழுத்துக்கொண்டு தூங்குகிறார்.
மூன்று வருடமாக
ஃபேனின் அஞ்சாம் நம்பருக்குத்தான் எங்கள் சண்டை.

புடவை என்றால் முந்தானையைப் பிரித்துப் பார்ப்பேன்,
கரையைச் சுரண்டுவேன், எழுந்து போவதாக நடிப்பேன்.
தினமும் ஏழு மணி நேரம் படுக்கிற துணியை
பூவைப் பார்த்தே வாங்கியிருக்கிறேன்
இத்தனை காலம்.

மொட்டை மாடியில், விரிப்பின் ஓரத்திலிருந்து
ஓர் இழையை உருவித் தீக்குச்சி காட்டினேன்.
சுருண்டு, கறுத்து, கடுகளவு மணியாகி
விரலில் ஒட்டிச் சுட்டது.
அவருடைய பழைய கைலியில் ஓர் இழை:
காகிதம் எரிந்த வாசனை. ஊதினேன்,
சாம்பல் போய்விட்டது.

எம்.சி. ரோட்டில் கடைக்காரர்
ஒவ்வொன்றாக வீசி விரித்தார்.
"நானூறு நூலுக்கா, ஹோட்டல் குவாலிட்டி."
யார் எண்ணியது என்று கேட்கவில்லை.
கட்டைவிரலால் தேய்த்தேன்: வெள்ளை மாவு.
கஞ்சி போனால் கொசுவலை.
அடுத்ததை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தேன்,
எதிர்க்கடை நைட்டிகள் தெரிந்தன.
பிறகு தண்ணீர் பாட்டிலைத் திறந்து
ஒரு சொட்டு விட்டேன்.
அது குண்டாக, பளபளப்பாக,
எங்கும் போகாமல் நின்றது.
"நனைச்சா அப்புறம் யாரு வாங்குவா?" என்று கத்தினார்.

காலையிலிருந்து நின்றுகொண்டேயிருந்த பெண்,
பேட்ஜில் நூர்நிஷா,
மடிக்கிற சாக்கில் அருகே வந்து
"ராத்திரில எழுந்து உக்காந்துக்கறீங்களாக்கா?" என்றாள்.

டாக்டர் சர்க்கரையைக் கேட்டார்.
ரெஜினா விரிப்பைக் கேட்டாள்.
ஜன்னலை ஏன் திறந்தாய் என்று இவர் கேட்டார்.
இதை யாரும் கேட்கவில்லை.
தலையை மட்டும் ஆட்டினேன்.

"எங்கம்மா டேபிள் ஃபேனைக் கட்டிப் புடிச்சுக்கினு தூங்கும்"
என்றபடி அடித்தட்டிலிருந்து ஒன்றை இழுத்தாள்.
கரூர் நெசவு. சாம்பல் கோடு. பூவே இல்லை.
வெள்ளை வேணாம், ஹார்பர் கரி
ரெண்டே நாளில் காட்டிக் கொடுத்துடும் என்றாள்.
பாவுக்கு மேல் ஊடை, பாவுக்குக் கீழ் ஊடை,
அதற்கு மேல் வித்தை எதுவும் கிடையாது.
அவளே என் பாட்டிலை வாங்கிச் சொட்டுவிட்டாள்.
இரண்டு பேரும் குனிந்து பார்த்தோம்.
துணி அதை
மறுபேச்சில்லாமல் எடுத்துக்கொண்டது.

"ரெண்டு தண்ணிக்கு ஒரு ஜாண் உள்ள போவும், பெருசா எடுங்க."
நம்பாமல் அளவாகத்தான் எடுத்தேன்.
இப்போது கால்மாட்டில் மெத்தை தெரிகிறது.

ரோஜாக்களை அவர் வண்டிக்குப் போர்த்தியாயிற்று.
போன வாரம் அடித்த மழையில்
சீட்டில் ஒரு துளி இறங்கவில்லை.
"இவ்ளோ நல்ல துணியவா வேணான்னே?" என்கிறார்.
நல்ல துணிதான்,
வண்டிக்கு.

அடுப்பொன்றும் அணைந்துவிடவில்லை.
இரண்டு மணிக்கு எழுந்து, ஜன்னலில் நின்று,
துறைமுகத்துக்குப் போகும் கண்டெய்னர் லாரிகளைக்
கொஞ்ச நேரம் எண்ணிவிட்டுத் திரும்பினால்
விரிப்பில் என் முதுகு
ஈரமாக, முழு அளவில், படுத்திருக்கிறது.
அதன் பக்கத்தில் இடம் பார்த்துச் சாய்கிறேன்.

ராயபுரம் கோயிலில் முதல் மணி அடிக்கையில்
கையை நீட்டித் தடவுகிறேன்.
காய்ந்திருக்கிறது.